அறிவித்த விமானத்துக்குக் காத்திருப்பதா, இருப்பதை வாங்குவதா, இலவசத்தில் பறப்பதா?

வீட்டு சிமுலேட்டரில் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். ஆசைப்பட்ட விமானத்தை, சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் மென்பொருளாக (ஆட்-ஆன்), ஒரு நிறுவனம் அறிவித்துவிட்டது. காக்பிட் படங்கள் வருகின்றன, இன்ஜின் சத்தம் கேட்கும் ஒரு நிமிட வீடியோ வருகிறது, தேதி மட்டும் வரமாட்டேன் என்கிறது. அதே ரகத்தில் வேறொன்று ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. இலவசமாகவும் ஒன்று கிடைக்கிறது. இன்று வாங்கினால் அடுத்த மாதமே அது வந்து நிற்குமோ என்று ஒரு பயம். வாங்காமல் விட்டால் வருடம் முழுக்கப் படம் பார்த்தே போய்விடுமோ என்று இன்னொரு பயம்.

இந்த ஒப்பீட்டில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கையில் இருக்கும் விமானத்தை அதன் குறைகளோடு எடைபோடுகிறோம். வரப்போவதை அதன் விளம்பரத்தோடு எடைபோடுகிறோம். வெளிவராத மென்பொருளில் ஒரு பிழைகூடக் கிடையாது, எந்தக் கணினியிலும் திணறாது! அதனால், வரப்போவதைக் கணக்கில் எடுப்பதானால் வெளியான முதல் வாரத்தில் அது எப்படி இருக்கும் என்று வைத்து எடுங்கள். அப்போதுதான் தராசு நேராக நிற்கும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நேரம். ஆழமான ஒரு விமானத்தை எல்லாம் அணைந்திருக்கும் நிலையிலிருந்து எழுப்பி, பேட்டரி, ஏபியு (தரையில் மின்சாரம் தரும் சிறு இன்ஜின்), ஐஆர்எஸ் (விமானத்தின் இருப்பிடத்தை அறியும் கருவி), எஃப்எம்சி (பாதையைக் கணக்கிடும் கணினி) என்று வரிசையாகப் போய் புஷ்பேக் (கேட்டிலிருந்து பின்னால் தள்ளுவது) வரை கொண்டுவர, புதியவருக்கு முக்கால் மணி நேரம் தாராளமாக ஆகும். 737, ஏ320 மாதிரியான விமானத்தில் அதற்கு மேல் ஒரு மணி நேரப் பயணத்தைச் சேர்த்தால் ஒரு மாலை முடிந்தது. 777, ஏ350 என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறப்பதுதான் அவற்றின் இயல்பான வேலை. வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும் என்கிறவருக்கு, வரப்போகும் வைட்பாடி (இந்த மாதிரி அகன்ற உடல் விமானம்) எவ்வளவு நன்றாக வந்தாலும் அது பெரும்பாலும் நிறுத்தியே கிடக்கும். நேரத்தை வேகமாக ஓடவிட்டுக் கடலைத் தாண்டலாம்தான். அப்படித் தாண்டுவதற்கு இவ்வளவு ஆழமான எரிபொருள் அமைப்பு எதற்கு என்பது வேறு கேள்வி.

இரண்டாவது, ஆழம். "ஸ்டடி லெவல்" (நிஜ விமானத்தைப் படிக்கும் அளவுக்கு ஆழமானது) என்ற பட்டத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அதற்குத் தரச் சான்று கொடுக்கும் அமைப்பு எதுவும் இல்லை. காக்பிட்டில் எத்தனை பட்டன் அழுந்துகிறது என்பதும் நல்ல அளவல்ல. நான் பார்ப்பது சில குறிப்பான இடங்களை. உதாரணத்துக்கு ஏ320-இன் தரையிறக்கம். நிஜ விமானத்தில் ரேடியோ உயரம் 50 அடிக்கு வந்ததும் ஃபிளேர் மோட் (சக்கரம் தரை தொடுவதற்குச் சற்று முந்தைய கட்டம்) தொடங்குகிறது. அந்த நேரத்து மூக்குக் கோணத்தைக் கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது. 30 அடியிலிருந்து அந்தக் கோணத்தை 8 விநாடிகளில் 2 டிகிரி கீழ்நோக்கிக் கொண்டுபோகப் பார்க்கிறது. விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தாக வேண்டிய கட்டாயம் அங்கேதான் உண்டாகிறது. ஆட்-ஆனில் 30 அடியில் கையை எடுத்துப் பாருங்கள்: மூக்கு தானாகத் தாழ்கிறதா, இல்லை சும்மா மிதக்கிறதா? போயிங்கில் இதே மாதிரிச் சோதனை விநேவ் (உயரப் பாதையைத் தானே நிர்வகிக்கும் முறை) இறக்கம். இறங்கிக்கொண்டிருக்கும்போது பாதையில் இரண்டு புள்ளிகளைத் தாண்டி நேராகப் போகச் சொல்லுங்கள், ஒரு உயரக் கட்டுப்பாட்டையும் போடுங்கள். பாதை ஒழுங்காகத் திரும்பக் கணக்கிடப்பட்டு, வேகத்தை விடாமல் விமானம் இறங்கினால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இந்த ஆழம் உங்களுக்கு எங்கே தேவை என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹைட்ராலிக் கோளாறு வைத்துப் பழகுகிறவருக்கு ஏர்பஸ்ஸின் பச்சை, நீலம், மஞ்சள் மூன்று அமைப்புகளும் தனித்தனியாக உயிரோடு இருக்க வேண்டும். வாட்ஸிம் மாதிரியான வலையமைப்பில் கட்டுப்பாட்டாளர்களோடு பேசிப் பறப்பதுதான் ஆசை என்றால், ஆட்டோபைலட்டும் எஃப்எம்சியும் நம்பகமாக இருந்தால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

மூன்றாவது, உங்கள் கருவி. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024-க்கு அந்த நிறுவனமே பரிந்துரைப்பது 32 ஜிபி நினைவகம். உகந்த நிலை என்று சொல்வது 64. கனமான ஏர்லைனர், கனமான விமான நிலையம், சுற்றிலும் மற்ற விமானங்கள் என்று சேரும்போதுதான் அந்த எண்களின் பொருள் புரியும். கண்ணாடி காக்பிட்டின் ஆறு திரைகளும் ஒவ்வொரு நொடியும் வரையப்பட வேண்டும். டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் நுட்பம்) போட்டு ஃபிரேமைக் கூட்டினால் அந்தத் திரைகளில் ஓடும் எண்கள் மங்கிப் பின்னால் நிழல் இழுக்கும். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதற்கும் முன்னால் ஒரு தடை. சிமுலேட்டருக்கு வெளியே தனி நிரலாக ஓடும் ஆட்-ஆன் எதுவும் அங்கே ஓடாது. ஃபெனிக்ஸ் நிறுவனத்தின் ஏ320 அங்கே இல்லாததற்குக் காரணம் இதுதான். பிஎம்டிஜி நிறுவனத்தின் 737 இருக்கிறது.

நான்காவது மொத்தச் செலவு, அதைக் கீழே பார்ப்போம். ஐந்தாவது, வெளியிட்ட பிறகு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது. இதற்கு அவர்களின் முந்தைய விமானத்தின் அப்டேட் வரலாற்றைப் படித்தால் போதும். பேட்டிகளைப் படிக்க வேண்டாம்.

## ஒன்று: காத்திருப்பது

காத்திருப்புக்குக் காசு இல்லை என்றுதான் தோன்றும். நடந்த கதையைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வெளியானது 2020 ஆகஸ்டில். ஏரோசாஃப்ட்டின் சிஆர்ஜே (சிறிய பயணிகள் ஜெட்) 2021 மார்ச்சில் வந்தது. எல்லோரும் எதிர்பார்த்த பிஎம்டிஜி 737-700-உம் ஃபெனிக்ஸ் ஏ320-உம் வந்தது 2022 மே மாதம், இரண்டும் ஒரே மாதத்தில். நடுவில் 21 மாதங்கள். அந்தக் காலம் முழுக்கப் "பெரிய விமானம் வரட்டும்" என்று இருந்தவரும், கிடைத்ததில் பறந்து எம்சிடியு-வை (ஏர்பஸ் காக்பிட்டில் பாதையை உள்ளிடும் கருவி) பழகியவரும் 2022 மே-யில் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

ஏன் இவ்வளவு இழுக்கிறது? வெளித்தோற்றமும் உள்தோற்றமும் ஒப்பீட்டளவில் சீக்கிரம் முடிகிற வேலை. படங்கள் முதலில் வருவதும் அதனால்தான். இழுப்பது விமானக் கணினிகளின் தர்க்கம், அதிலும் செங்குத்துப் பாதை. அப்புறம் சிமுலேட்டரே அடியில் மாறிக்கொண்டிருக்கும். 2024 நவம்பரில் புதிய பதிப்பு வந்தபோது பல நிறுவனங்கள் ஏற்கெனவே செய்த விமானங்களை மறுபடி பொருத்தும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. புதியவை பின்னுக்குப் போயின.

அறிவிப்புகளைப் படிப்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. சிறகின் மேல் வெயில் விழும் படங்கள், இருக்கைத் துணி, கழிவறைக் கதவு, இவை மட்டும் வந்தால் இன்னும் தூரம். வெட்டாத வீடியோவில் கேட் முதல் கேட் வரை ஒரு முழுப் பயணம், நடுவில் ஒரு ஹோல்டிங் (வானில் சுற்றிக் காத்திருப்பது), கடைசி நேர ரன்வே மாற்றம், அதற்கு எஃப்எம்சி என்ன செய்கிறது என்பது தெரியும்படி வந்தால் கிட்ட வந்துவிட்டது. "எப்போது தயாரோ அப்போது" என்று சொல்கிற நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. மாதத்தைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் தள்ளுகிறவர்களைத்தான் கணக்கில் கழிக்க வேண்டும்.

காத்திருப்பது சரியான முடிவாகும் இடம் ஒன்றுதான்: உங்களுக்கு வேண்டியது அந்தக் குறிப்பிட்ட ரகம், அதற்கு மாற்று எதுவும் உங்கள் சிமுலேட்டரில் இல்லை. அந்த ரகத்தின் மேல் உள்ள காதலை இன்னொரு விமானம் தீர்க்காது.

## இரண்டு: வெளியான அன்றே வாங்குவது

இதைக் காத்திருப்பின் முடிவாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு இது தனித் தேர்வு. முதல் நாள் வாங்குகிறவர் ஒரு விமானத்தையும், கூடவே சோதனையாளர் வேலையையும் வாங்குகிறார். அதில் சுகம் காண்பவர்கள் உண்டு: பிழையைப் பதிவு செய்து, அடுத்த பேட்சில் அது தீர்ந்திருப்பதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி. அவர்கள் தாராளமாக வாங்கலாம்.

மற்றவர்கள் இரண்டு மூன்று பேட்ச் போகட்டும் என்று இருப்பது நல்லது. விமானம் முதிர்வது வெளியான பிறகுதான். ஃபெனிக்ஸ் ஏ320 முதலில் சிஎஃப்எம் இன்ஜினோடு மட்டும் வந்தது. ஐஏஇ இன்ஜின் பிறகு சேர்ந்தது. பிஎம்டிஜி 737-க்குப் பேசப்பட்ட டேப்லெட் 2022-இல் விமானத்தோடு வரவில்லை. 2024 ஜூனில் வந்த 777-இல்தான் முதலில் தலைகாட்டியது. இரண்டுமே மிக நல்ல விமானங்கள், அதில் சந்தேகமில்லை. "பிறகு வரும்" என்று சொல்லப்படும் வசதிக்காக இன்றே காசு கொடுக்கக் கூடாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். அந்த வசதி இல்லாமலே இந்த விலைக்கு இது எனக்குப் போதுமா? ஆம் என்றால் வாங்குங்கள். டவுன்லோட் செய்த மென்பொருளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் கடைக்குக் கடை விதி வேறுபடும், அதை முதலில் படியுங்கள்.

## மூன்று: முதிர்ந்த ஒன்றை இப்போதே வாங்குவது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிழைகள் தெரிந்தவை, அவற்றில் பெரும்பாலானவை தீர்ந்தவை. கற்றுக்கொடுக்கும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. உங்கள் கணினியை ஒத்த கணினியில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்று ஏற்கெனவே யாரோ அளந்திருப்பார்கள்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் நேரோபாடிக்கு (737, ஏ320 மாதிரி குறுகிய உடல் விமானம்) ஃபெனிக்ஸும் பிஎம்டிஜியும் இருக்கின்றன. ஏர்பஸ்ஸா போயிங்கா என்பது ரசனை, அதில் நான் தலையிடமாட்டேன். கையால் பறக்க அதிகம் விரும்புகிறவர்களுக்கு 737 கொடுக்கும் வேலை சுவையானது என்று மட்டும் சொல்கிறேன்: அது ஃபிளை-பை-வயர் (கணினி வழிக் கட்டுப்பாடு) இல்லாத விமானம், ட்ரிம்மை (மூக்கைச் சமநிலையில் நிறுத்தும் சரிக்கட்டல்) நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ320 சாதாரண நிலையில் ட்ரிம்மைத் தானே பார்த்துக்கொள்ளும். இன்னும் பழைய வாசனை வேண்டும் என்றால் லியோனார்டோவின் மேட்டாக் எம்டி-82, ஜஸ்ட் ஃபிளைட்டின் பிஏஇ 146 இரண்டும் 2022-இலிருந்தே இருக்கின்றன. வைட்பாடியில் பிஎம்டிஜி 777, 2025 பிப்ரவரியில் வந்த ஐனிபில்ட்ஸ் ஏ350. இன்னொரு சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12-இல் ஏர்பஸ் என்றாலே டோலிஸ்தான். வேறு பெயர் சொல்ல எனக்குக் காரணமில்லை.

மறைமுகச் செலவு இங்கேதான் குவிகிறது. முதலில், ரகங்கள் தனித்தனி விற்பனை. பிஎம்டிஜி 737-இன் 600, 700, 800, 900 நான்கும் தனித்தனிப் பொருள்கள். ஃபெனிக்ஸின் ஏ319, ஏ321 இரண்டும் 2024-இல் ஏ320 வைத்திருப்பவர்களுக்கான கட்டண விரிவாக்கமாக வந்தன. அடுத்து வழித்தடத் தரவு. நிஜ உலகில் இந்தத் தரவு புதுப்பிக்கப்படும் ஏஐஆர்ஏசி சுழற்சி 28 நாளுக்கு ஒருமுறை மாறும், வருடத்துக்கு 13 முறை. தரவு விற்கும் நாவிகிராஃப் நிறுவனத்தின் சந்தா எடுத்தால் வரைபடங்களும் சேர்ந்து வரும், ஆனால் அது தொடர் செலவு. பயணத் திட்டமிடும் சிம்பிரீஃப் இலவசம். அது பழைய தரவில் திட்டம் போட்டு, விமானம் வேறு தரவில் இருந்தால் சில புள்ளிகள் எஃப்எம்சியில் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். வாட்ஸிமில் தீவிரமாகப் பறக்காதவர் சந்தாவைத் தள்ளிப்போடலாம். தரைச் சேவைக்கு ஜிஎஸ்எக்ஸ், ஏர்பஸ் மாதிரி நிலை நிலையாகத் தடுத்து நிற்கும் திராட்டில் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒன்றுகூடத் தேவையில்லை, ஒவ்வொன்றும் ஆசைகாட்டும்.

இன்னொன்று சிமுலேட்டர் பதிப்பு. 2020-க்கு வாங்கியது 2024-இல் ஓடலாம், ஓடினாலும் புதிய வசதிகள் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். மாற்றத்துக்குச் சிலர் கட்டணம் கேட்கிறார்கள், சிலர் கேட்பதில்லை. நீங்கள் எந்தப் பதிப்பில் நிலைக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் விமானம் வாங்குவது வீண்.

## நான்கு: இலவசத்தில் பறப்பது

இலவசம் என்றால் மட்டம் என்ற எண்ணம் இந்தத் துறையில் பொய்த்துப்போய் வருடங்களாகின்றன. ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ், 2020-இல் சிமுலேட்டரோடு வந்த ஏ320நியோ-வைத் திருத்தும் முயற்சியாகத் தொடங்கியது. திறந்த மூலம். ஃபெனிக்ஸ் செய்வது பழைய தலைமுறை ஏ320, இவர்கள் செய்வது லீப் இன்ஜின் போட்ட நியோ; ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று நேரடிப் போட்டிகூட இல்லை. அவர்களுடைய ஏ380-உம் இலவசமே. புதியவர்களுக்காக அவர்கள் எழுதி வைத்திருக்கும் வழிகாட்டி, காசு வாங்குகிற பல நிறுவனங்களின் கையேட்டைவிடத் தெளிவு. எக்ஸ்-பிளேனில் ஸீபோ 737-800 இருக்கிறது. சிமுலேட்டரோடு வரும் 737-ஐ அடித்தளமாக வைத்து வருடக்கணக்காகச் செதுக்கியது.

இவற்றின் செலவு வேறு இடத்தில். நிலையான பதிப்பு, மேம்பாட்டுப் பதிப்பு, சோதனைப் பதிப்பு என்று ஏ32என்எக்ஸில் படிகள் உண்டு. ஆசைப்பட்டுச் சோதனைப் பதிப்புக்குப் போனால் நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகலாம். நிலையான பதிப்பில் இருங்கள், அதற்குக் கொஞ்சம் கட்டுப்பாடு தேவை. குறிப்பிட்ட ஒரு கோளாறு எப்போது தீரும் என்று யாரிடமும் உரிமையோடு கேட்க முடியாது. காசு கொடுத்த இடத்திலும் பல நேரம் அதே கதைதான், அது வேறு விஷயம்.

எம்சிடியு-வில் பாதையை ஏற்றுவது, இறக்கத்தை நிர்வகிப்பது, ஐஎல்எஸ்ஸை (ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ சமிக்ஞை) பிடிப்பது, கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே போவது), இவை எல்லாவற்றையும் இதிலேயே கற்கலாம். ஏர்பஸ் தனக்குப் பிடிக்குமா என்று தெரியாதவர் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| | பறக்கத் தொடங்குவது | பணம் | ஒளிந்திருக்கும் செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| காத்திருப்பது | தெரியாது | இப்போது இல்லை | பழகாமல் போகும் காலம் | அந்த ரகமே வேண்டும் என்பவருக்கு |
| முதல் நாள் வாங்குவது | உடனே, தடங்கலோடு | முழு விலை | பிழைகள், அடிக்கடி பெரிய டவுன்லோட் | சோதித்துப் பார்ப்பதில் சுகம் காண்பவருக்கு |
| முதிர்ந்ததை வாங்குவது | இன்றே | முழு விலை, சில சமயம் தள்ளுபடி | ரகங்கள், தரவுச் சந்தா, பதிப்பு மாற்றம் | வாராவாரம் பறப்பவருக்கு |
| இலவசம் | இன்றே | இல்லை | பதிப்புகளைப் பார்த்து நடக்கும் பொறுமை | புதியவருக்கு, காத்திருப்பவருக்கும் |

## எந்த நிலையில் எது

இதுவரை ஒரு பயணத்தைக்கூட முழுதாக முடிக்காதவர் என்றால் இலவசம், யோசிக்கவே வேண்டாம். அதில் விமானத்தை அணைந்த நிலையிலிருந்து எழுப்பி, பறந்து, இறங்கி, மறுபடி அணைக்கும் வரை உதவிக் குறிப்பு பார்க்காமல் செய்ய வந்த பிறகு கடைப் பக்கம் போங்கள். அப்போது எந்த ஆழம் உங்களுக்குக் குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பலருக்கு எதுவும் குறையாது.

ஏற்கெனவே ஒரு நல்ல நேரோபாடி வைத்திருந்து, இன்னொரு நிறுவனம் அதே ரகத்தை அறிவித்திருக்கிறது என்பதற்காகத் தவிப்பவருக்கு: விடுங்கள். முன்னே சொன்ன ஃபிளேர், விநேவ் சோதனைகளில் உங்களிடம் இருப்பது தேறிவிட்டால், புதியதில் கிடைக்கப்போவது பெரும்பாலும் சத்தமும் தோற்றமும்தான். அதற்காகவே வாங்குவது தவறில்லை, ஆழத்துக்காக வாங்குகிறோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கணினி திணறுகிறவர் விமானத்தை மறந்துவிட்டு நினைவகத்தைப் பார்ப்பது மேல். எக்ஸ்பாக்ஸில் இருப்பவர், "கன்சோலுக்கும் பிறகு வரும்" என்ற வரியை அது சந்தைப்பக்கத்தில் தோன்றும் வரை கணக்கில் எடுக்கக் கூடாது.

போயிங் வைட்பாடி ஒன்றுக்காகக் காத்தே ஆக வேண்டும் என்று இருப்பவர், அதுவரை மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இருக்கும் 787-ஐயோ 747-8-ஐயோ எடுத்து ஓட்டலாம். அவற்றின் ஏவியானிக்ஸை (காக்பிட் மின்னணு அமைப்புகள்) ஒர்க்கிங் டைட்டில் குழு 2023 ஜூனில் அடியோடு மாற்றி எழுதியது. ஹைட்ராலிக்கிலும் மின்சாரத்திலும் ஆழம் கிடையாது, ஆனால் எஃப்எம்சி பக்கங்களின் வரிசை, விநேவ் நடந்துகொள்ளும் விதம், எரிபொருள் திட்டம் எல்லாம் கைக்கு வந்துவிடும். ஏர்பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் ஏ32என்எக்ஸைப் பிடிக்கட்டும். அறிவித்த விமானம் கடைசியில் வெளியாகும் நாளில், டவுன்லோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இவர்கள் சிம்பிரீஃபில் முதல் பயணத்தைப் போட்டு வைத்திருப்பார்கள்.